காயப்போடாத மரத்தூள்

சவுண்டல் மரத்தூளைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் ஊறிய தென்னை மட்டை வாடை வருமே, இன்று காலை ஆய்வகம் முழுக்க அதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைத் திட்டத் திரும்பினேன். நீ போய் ஒரு வருடம் ஆனது அப்புறம்தான் உறைத்தது.

மரத்துக்குள் சர்க்கரை இருக்கிறது. நொதி அதைப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் லிக்னின் பசைபோல் அடைத்துக்கொண்டு நொதியை உள்ளே விடாது. அதைக் கரைக்கத்தானே நாம் இருவரும் இந்த வாடையில் கிடந்தோம். வேகவைத்தோம், அலசினோம், மொட்டை மாடியில் காயவைத்துச் சலித்தோம். அப்புறமும் சர்க்கரை பேருக்குத்தான் வந்தது. இப்படியே போனால் வேலையை மூடிவிடலாம் என்று நம் வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார்.

அன்று காந்திபுரத்தில் என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது ஆரம்பித்தாய். "ஏன் அம்மணி, கத்திரி வத்தலை ஊற வெச்சா மறுபடி பச்சைக் கத்திரிக்காய் ஆயிருமா? காயப்போட்டா உள்ள இருக்கற சந்தெல்லாம் ஒட்டிக்கும். நொதி எப்புடிப் போகும்? ஈரத்தோடயே உட்டுப் பாக்கலாம்."

நான் அன்னூர்க்காரி. மஞ்சளோ மிளகாயோ, காயாமல் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது. "பூசணம் புடிச்சுரும், சும்மா இரு" என்றேன். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலோடு நடந்தபடி வாதாடினாய். அந்த வாரம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேடத்திடம் மன்றாடிக் கடைசியாக ஒரு வாய்ப்பு வாங்கினேன். ஒரே மரத்தூளில் பாதியைக் காயவைத்தேன். மீதியை அலசிய ஈரத்தோடு வைத்து, இரண்டையும் நொதியில் விட்டேன். போன வாரம் இரண்டு குழாயிலும் சர்க்கரையைக் காட்டும் மஞ்சள் மருந்தை ஊற்றிச் சூடாக்கினேன். காய்ந்தது லேசாக நிறம் மாறியதோடு சரி. உன் ஈரத்தூள் செங்கல் நிறத்துக்கு ஏறியது. மேடம் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூட வேண்டாமுங்க. பெரிய கலத்துல போடுங்க" என்றார். ஜெயித்துவிட்டாய், அம்மணி.

அன்று மத்தியானமே போத்தனூரில் உன் வீட்டுக்கு ஓடினேன். "மரம் சர்க்கரையாயிருச்சுங்கம்மா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ ஒண்ணப் புடிச்சா உடமாட்டா கண்ணு" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

இன்று முதல் பெரிய கலம் வெந்து ஆறிவிட்டது. அலசப் போகிறேன். மாடியில் வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. ஒரு பிடிகூடக் காயப்போட மாட்டேன்.