நான்கு கருப்புக் குட்டிகள்

ஹால்டர்ன் அருகே,
நவம்பர் 1912

அன்புள்ள அண்ணன் எங்கல்பெர்ட்டுக்குத் தங்கை தெக்லா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். உருளைக்கிழங்கு அழுகாமல் வீடு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் பன்றி வெட்டுகிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வருஷம், நீங்கள் எங்களுக்குக் கொடுத்த வேட்டைநாய் டயானா, பக்கத்துப் பண்ணையின் கருப்பு வெள்ளை நாயோடு சேர்ந்து குட்டி போட்டபோது, நீளமுடி வேட்டைநாய் என்றால் பழுப்புதான், கருப்பை உங்கள் வேட்டைநாய்ச் சங்கம் ஏற்காது, வளர்க்க வேண்டாம் என்று எழுதினீர்கள். என் வீட்டுக்காரர் கிளெமென்ஸ் நான்கு கருப்புக் குட்டிகளை வாளியில் போட்டு ஓடைக்குக் கொண்டுபோனார். வாளி காய்ந்தபடியே திரும்பியது. குட்டிகள் அவர் கோட்டுக்குள் முனகின. "கண்ணே இன்னும் திறக்கல தெக்லா, என்ன பண்ணச் சொல்ற?" என்றார். மூன்றை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். நான்காவது குட்டி வால்டா எங்களோடு தங்கிவிட்டது.

அன்று முதல் இந்தக் கருப்பு எதைக் கெடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கௌதாரி வாசம் பட்டால் முன்காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறது. பனிக்குளிர்த் தண்ணீரில் நீந்தி, வாத்தைப் பல் படாமல் கொண்டுவருகிறது. வீட்டில் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருக்கிறது. பக்கத்துப் பண்ணை பெரெண்டைக் கேட்டால், "எங்கப்பா காலத்துலயும் இதே நாய்தாம்மா. அப்போ சங்கம் ஏது?" என்று சிரிக்கிறார்.

போன சனிக்கிழமை வேட்டைக்கு உங்கள் நண்பர், சங்கத்து நடுவர், வந்திருந்தார். அவர் சுட்ட மான் காயத்தோடு நாணலுக்குள் ஓடிவிட்டது. மழையில் ரத்தத்தடம் அழிந்து, அவருடைய பழுப்பு நாய் வட்டமடித்துத் திரும்பி வந்துவிட்டது. வால்டா தரையிலிருந்து மூக்கை எடுக்காமல் இரண்டு வாய்க்கால் தாண்டிப் போய், மான் விழுந்த இடத்தில் நின்று குரைத்தது.

"யார் வளர்ப்பு இது?" என்று கேட்டார் நடுவர்.

"என் மச்சான் குடுத்த டயானாவோட குட்டிங்க."

"கருப்பாச்சேய்யா!"

"மானுக்கு அது தெரியாதுங்களே" என்றார் கிளெமென்ஸ்.

நடுவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, வால்டா குட்டி போட்டால் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். எந்த நிறமானாலும் சரியாம்.

அவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். கிளெமென்ஸ் உங்கள் மேல் வைத்திருந்த கோபமும் அன்றோடு போய்விட்டது. வசந்தத்தில் வால்டா குட்டி போடும்போது அவசியம் வாருங்கள். நீங்கள் முன்பு வளர்த்த நாய் மின்காவும் கருப்பு வெள்ளைதானே. அதன் குட்டிகளில் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை; அவை என்னவாயின என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். வந்து ஒரு குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள், போதும்.

ஆண்டவர் உங்கள் கைகளுக்கு அமைதி தரட்டும்.

என்றும் உங்கள் தங்கை,
தெக்லா