கோடு விழுந்த கடல்

உமது போனின் ரப்பர் உறையில் இன்னும் அந்த நுளம்புக் களிம்பு மணக்கிறது. அவ்வளவு பூசியும் டெங்கு உம்மைத்தான் கொண்டுபோனது.

அலை கூடினால் நின்றுவிடும் நெடுந்தீவுக் காலை போட் ஓடுமா ஓடாதா என்று சொல்ல நீர் ஒரு மென்பொருள் எழுதினீர். போட்காரர் அனுப்பும் செய்தியை வாங்கி இணையப் பக்கத்தில் போடும். பிழையே விடாது. ஆனால் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு வரி, அவ்வளவுதான். மாடு வளர்க்கும் சின்னராசா அண்ணை பார்த்துவிட்டு, இது இன்னும் கட்டி முடியவில்லையோ என்று கேட்டார். வருத்தக்கார மனைவியை யாழ்ப்பாணக் கிளினிக்குக் கொண்டுபோக, வழக்கம்போலச் சைக்கிளில் ஏற்றிவந்து இறங்குதுறையில் காத்திருந்தார். பக்கம் சொன்னபடியே அன்றைக்குப் போட் இல்லை.

கம்பஸ் படிப்பை விட்டுவிட்டுச் சும்மா திரிந்த நான், பக்கத்தை அழகாக்க இறங்கினேன். நீலக் கடல், வெள்ளைப் படகு, அசையும் அலை. வெளிநாட்டுக்காரர் சுற்றிப்பார்க்கப் பதியும் இடம் என்று நினைத்துச் சனம் திறக்கவே இல்லை. நீர் கோபிக்கவில்லை, சிரித்தீர்.

“வடிவு கூடிப்போச்சு. இதிலை எங்கட ஆக்கள் ஒருத்தருமில்லை.”

அடுத்த நாள் கமராக் கண்ணாடி வெடித்த இந்தப் போனால் இறங்குதுறையைப் படமெடுத்துப் போட்டீர். மூலையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. நல்ல போனில் எடுப்போம் என்று நச்சரித்தேன், கேட்கவில்லை. படத்தில் நிற்பது யாரின் சைக்கிள், யாரின் நாய் என்று சனம் கண்டுபிடித்தது. காலைக்குக் காலை புதுப்படம். பிறகு சின்னராசா அண்ணையும் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார்.

நீர் போனபின் என் புதுப்போனில் எடுத்தேன். படம் பளிச்சென்று இருந்தது. போட் ஓடாது என்று கீழே எழுதியும் இருந்தது. அப்படியிருந்தும் அண்ணை மனைவியோடு வந்து நின்றார். வருத்தக்கார அக்கா வியர்த்துப்போய் மதிலில் சாய்ந்திருந்தார்.

“அந்தக் கோட்டைக் காணேல்லைத் தம்பி. ஆரோ கள்ளப்படம் போட்டிட்டினம் எண்டு நினைச்சன்.”

“அது போன் உடைஞ்சதாலை விழுந்த கோடு, அண்ணை.”

“எனக்கென்ன தெரியும்? அது கிடந்தா அந்தப் பிள்ளை வந்து பாத்திருக்கு எண்டு நம்பிப் பழகிட்டன்.”

கணினியில் கோட்டைக் கீறிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதுதான் கள்ளப்படமாகும். உமது அம்மாவிடம் போனைக் கேட்டு வாங்கினேன்.

ஓரிடத்தில் நிலையாக நில்லாத நான், இப்போது ஒவ்வொரு காலையும் இறங்குதுறையில் நிற்கிறேன். படமெடுத்ததும் முதலில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகுதான் கடலைப் பார்க்கிறேன்.