பிரிஜட் பெயருக்குக் கீழே ஒரு காலிக் கட்டம்

ஆங் மோ கியோ
11.6.1984

அன்புத் தங்கை பிரிஜிக்கு,

மாதா துணையால் நானும் உன் அத்தானும் சுகம். நீயும் சுகமாயிருக்க ஜெபமாலையில் ஒரு பத்து மணி தினமும் உனக்கென்று சொல்கிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பிரித்தால் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதா திருநாளுக்குள் நம் மாதா கோயில் பங்குக் குடும்பங்களின் பூர்வீகத்தைக் கோயில் மண்டபச் சுவரில் வைக்க வேண்டுமென்று சாமியார் என் தலையில் கட்டிவிட்டார். "நான் ஐந்தாவதோடு நின்றவள் சாமி" என்றேன். "கணக்கு நோட்டில் கோடு போடத் தெரியுமில்லையா, அது போதும்" என்றார்.

முதலில் வீட்டு விவரம் எழுதித் தரச் சொல்லி நூற்றிருபது பாரம் அடித்துக் கொடுத்தோம். திரும்பி வந்தது நான்கு. அதிலும் ஒன்றின் பின்னால் மீன் வாங்க வேண்டிய பட்டியல். தாத்தா பெயர் கேட்டால் யாருக்கும் நேரமில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது. என் நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதை நிரப்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் மட்டும் வேறு பிறவியா? தேக்கா கடைத்தெருவில் அட்டையும் கலர் நூலும் வாங்கி, வீட்டுக்கு ஓர் அட்டை செய்தேன். ஊரிலிருந்து கப்பலில் முதலில் இங்கே வந்தவர் மேலே, பிள்ளை பேரன் கீழே. எனக்குத் தெரிந்ததை மையில் எழுதினேன். தெரியாத இடத்தில் கட்டம் மட்டும் போட்டு, பக்கத்தில் நூலில் ஒரு பென்சிலைத் தொங்கவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் காப்பிக்கு ஆள் இல்லை, எல்லாரும் சுவரோரம். நம் மரியஅந்தோணி மாமா, எழுபது வயசு, அவர் அம்மா பெயருக்கான காலிக் கட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு, "அம்மாவை அம்மான்னுதானே கூப்பிட்டோம், பேர் யாருக்குத் தெரியும்" என்கிறார். இப்போது ஜோகூரில் இருக்கும் அண்ணனைக் கேட்கப் பஸ் ஏறப் போகிறார். பென்சில்தான் நிற்பதில்லை. மூன்று போய்விட்டது.

மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டுமென்று நம் வீட்டு அட்டையைத்தான் முதலில் மாட்டினேன். அப்பா, அம்மா, நான், நீ. உன் பெயருக்குக் கீழே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன்.

உன் அக்கா
பிலோமினம்மாள்


குவீன்ஸ்டவுன்
24.6.1984

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுவரில் நான் எப்படி இருக்கிறேன் என்று உங்கள் கோயில் தோழி பெட்டி அக்கா அதற்கு முன்பே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

மரியஅந்தோணி மாமாவுக்கு அவர் அம்மா பெயர் தெரியாது, அதனால் கட்டம் காலி. உங்களுக்கு என் கணவர் பெயர் பாலகிருஷ்ணன் என்று தெரியும். என் மகள் பெயர் லீலா என்று தெரியும். அவர்களுக்கும் காலிக் கட்டம்தான். இரண்டும் ஒன்றா?

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விலாசம் கிழிந்த பார்சல் வந்தால் ஓரமாக வைத்துவிடுவோம், யாராவது கேட்டு வரட்டும் என்று. என் குடும்பத்தை அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள்.

இந்துவைக் கட்டிக்கொண்டேன், தாலி மாதா கோயிலில் ஏறவில்லை, உங்களுக்குக் கோபம். சரி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், ஞானத்தாயாக நில்லுங்கள் என்று வீடு தேடி வந்து கேட்டேனே. ஞானஸ்நானத்தன்று கோயிலில் கைக்குழந்தையோடு ஒரு மணி நேரம் காத்துக்கொண்டு நின்றோம். அத்தான் மட்டும் வந்து, "அவளுக்குக் காய்ச்சல்" என்றார்.

ஏழு வருஷம் ஆகிறது. அட்டையை நிரப்புங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

பிரிஜட்


ஆங் மோ கியோ
12.7.1984

அன்பு பிரிஜிக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன் அத்தான் படித்துவிட்டு, "யாருக்கோ வந்த கடிதம் போல இருக்கே" என்றார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. கிளம்புவதற்காகப் புடவை கட்டியிருந்தேன். கட்டின புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது.

உன் கடிதம் வந்ததும் கட்டத்தை நிரப்பிவிடலாமென்று லீலாவின் ஞானஸ்நானத் தேதியைத் தேடப் போனேன். அட்டைகளைச் சரிபார்க்கப் புதன்கிழமைகளில் சாமியார் எனக்கு ஞானஸ்நானப் பதிவேட்டைத் தருகிறார். இங்கிலீஷ்தான், எழுத்துக் கூட்டிப் படித்தேன். குழந்தை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர். ஞானத்தாய் இடத்தில் பெட்டி பெயர் இருக்குமென்று நினைத்தேன், அன்று நின்றது அவள்தானே. பிரிஜி, அங்கே என் பெயர் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'இவருக்குப் பதிலாக நின்றவர் பெட்டி'.

அவளைப் பிடித்துக் கேட்டேன். "நான் என் பேரைத்தான் சொன்னேன்லா, உன் தங்கச்சி விடல. அக்கா இன்னிக்கு வரலன்னா இன்னொரு நாள் வருவா, அக்கா பேரையே எழுதுங்கன்னா" என்றாள். ஏழு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றால், "நீ கேக்கவே இல்லையே" என்கிறாள்.

ஆக, ஏழு வருஷமாக எனக்கு ஒரு ஞானமகள் இருக்கிறாள். ஓர் ஈஸ்டருக்கு நான் சட்டை எடுத்ததுண்டா, பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியதுண்டா?

தம்பி பாலகிருஷ்ணன் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில் மையில் எழுதிவிட்டேன். லீலாவின் கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை மறைக்க அல்ல, அவள் கையால் எழுதட்டும் என்று. அடுத்த வருஷம் அவள் புதுநன்மையில் முதல் நற்கருணை வாங்கும்போது ஞானத்தாயாக மெழுகுவர்த்தி கொடுக்க நான் வரலாமா?

உன் அக்கா
பிலோமி


ஆங் மோ கியோ
30.7.1984

பிரிஜி,

பதில் இல்லை. இருக்கட்டும், நான் ஏழு வருஷம் எடுத்துக்கொண்டவள்.

மரியஅந்தோணி மாமா ஜோகூரிலிருந்து வந்துவிட்டார். அவர் அம்மா பெயர் சவரியம்மாளாம். அண்ணனுக்கும் தெரியவில்லை, அண்ணியின் பழைய ஜெபப் புத்தகத்தில் எழுதியிருந்ததாம். கட்டத்தில் அவரே எழுதினார். எழுதிவிட்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "எங்கம்மா" என்று காட்டுகிறார். இதுவரை எண்பத்தொரு அட்டை நிரம்பியிருக்கிறது. ஒன்பது பென்சில் காணோம்.

நம் அட்டையில் ஒரே ஒரு கட்டம்.

பிலோமி


குவீன்ஸ்டவுன்
6.8.1984

அக்கா,

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்துக்கு வந்தோம். நீ இருக்க மாட்டாய் என்று தெரிந்துதான் வந்தோம், பெட்டி அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

லீலா அப்பா தன் பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

லீலா நாற்காலிமேல் ஏறித் தன் பெயரை எழுதினாள். அப்புறம், "ஞானத்தாய்க்குக் கட்டமே இல்லையே" என்று கேட்டுவிட்டு, அவளாகவே பக்கத்தில் ஒன்று போட்டு உன் பெயரை எழுதினாள். கோணல்மாணலாக இருக்கிறது. உன் பெயர் நீளம் இல்லையா, பாதி வெளியே நிற்கிறது. உன்னால் பொறுக்க முடியாது என்று தெரியும். அழித்து நேராக்கிவிடாதே.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் பென்சில் அவள் பைக்குள். ஒன்பதை எடுத்தது யாரோ, பத்தாவது என் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள். ஏழாம் மாடி. லிஃப்ட் ஆறில்தான் நிற்கும், ஒரு மாடி ஏற வேண்டும். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. காய்ச்சல் என்று அவரை மட்டும் அனுப்பிவிடாதே.

பிரிஜி