இரண்டு தெரு தள்ளி நிற்கும் வண்டி

அன்புள்ள குட்டிம்மா,

நீயும் மாப்பிள்ளையும் உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் போடுகிறார் என்று பயந்துவிடாதே. வீட்டில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அச்சகத்திலிருந்து பேசலாம்தான், ஆனால் இதை வாயால் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதைப் பார்க்க இங்கே இருபது பேர் இருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் மை டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அட்டைப்பெட்டியைத் திட்டு.

அச்சகத்தை எண்பத்து நாலு கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள் என்பதும், நான் மூன்று பஸ் மாறிப் போய் வருகிறேன் என்பதும் உனக்குத் தெரியும். முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி பொய். ஆரம்பத்தில் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிப் பார்த்தேன், மூன்று வாரம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை நான் மடித்து வைத்த செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடக்கும், அடுப்பு துடைத்தது துடைத்தபடி இருக்கும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அதான் பிஸ்கட் இருந்துச்சே என்பாள். உன் தம்பி, நம் சின்னவன், ஆபீஸிலிருந்து வரும் வழியில் பைபாஸில் பைக்கோடு போய்ச் சேர்ந்து வரும் மாதத்தோடு மூன்று வருஷம், இன்னமும் அவளைத் தனியாக ஐந்து நாள் விட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் போய் வந்தால் ஏழு மணி நேரம் ரோட்டிலேயே போகிறது. இந்த ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்? பைக் ஒன்றுதான் வழி. ஆனால் இந்த வீட்டு வாசலில் இனி இரண்டு சக்கர வண்டி நிற்கக்கூடாது என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது, நானும் சரியென்று தலையாட்டியவன்தான்.

ஆட்டிய தலையோடு போய் அவளுக்குத் தெரியாமல் ஒரு வண்டி வாங்கினேன். பின்தெருவுக்கு அடுத்த தெருவில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தெரியும் இல்லையா, சின்னவனின் சிநேகிதன், அவன்தான் கூட வந்தான். தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, அகல சீட், இரண்டு பக்கமும் பெட்டி. ஒரு பல் டாக்டர் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார், முதுகுவலி வந்ததும் விற்கிறார். மெக்கானிக் போன உடனே இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கிளம்பாத கோளாறு தெரியாமல் போய்விடுமாம். சில்லென்று இருந்தது, ஒரே தொடலில் கிளம்பியது. செயின், டயர், முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்த்து, அம்பத்தெட்டாயிரம் ஓடியிருக்கு, ஆனா மனுஷன் நல்லா வச்சிருக்காரு, எடுங்கப்பா என்றான். ஒரே ஒரு குறைதான் சொன்னான், அதுவும் வண்டியில் இல்லை, என்னிடம். வண்டியை அணைக்கும் முன் நான் ஆக்ஸிலரேட்டரை உறுமும்படி ஒரு முறுக்கு முறுக்குகிறேனாம். நம் பழைய ஸ்கூட்டரில் அப்படிச் செய்தால்தான் மறுநாள் ஒரே உதையில் கிளம்பும் என்று நானே கண்டுபிடித்த விஞ்ஞானம் அது. சின்னவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த வண்டிக்கு அதெல்லாம் வேணாம்ப்பா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டான், கை கேட்கவில்லை.

வண்டி ஷெட்டிலேயே நிற்கும். காலையில் பஸ்ஸுக்குப் போகிறவன் மாதிரி பையை மாட்டிக்கொண்டு நடந்து போய், ஹெல்மெட்டும் கையுறையும் அங்கே போட்டுக்கொண்டு கிளம்புவேன். சாயந்திரம் ஆறரைக்கு அங்கேயே விட்டுவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு நடந்து வருவேன். துவைக்கும் முன் அம்மா சட்டைப் பையைத் துழாவுவாள் என்று பஸ் ஸ்டாப்பில் கீழே கிடக்கும் டிக்கெட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். ஒருநாள் அவசரத்தில் பொறுக்கியது குழந்தைக்குக் கொடுக்கும் அரை டிக்கெட். ஐம்பத்தாறு வயதில் அரை டிக்கெட்டில் வேலைக்குப் போனவன் உன் அப்பன் ஒருவன்தான். அம்மா அதையும் எடுத்து, வழக்கம்போல் ஜன்னல் ஓரக் கிண்ணத்தில் போட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் கவனித்தேன். நான் தட்டியதும் கதவைத் திறப்பாள், திறக்கும்போது முகம் மலர்ந்திருக்கும், என்னைப் பார்த்ததும் அது வடிந்துவிடும். பாவம், நாளெல்லாம் தனியாக இருந்த அலுப்பு என்று நினைத்தேன். நாலு மாசம் அப்படியே நினைத்தேன்.

போன மாதம் ஒருநாள் பேய்மழை. பாதி வழியில் ஒரு பாலத்தடியில் ஒதுங்கினேன், போன் நனைந்து செத்துவிட்டது. ஷெட்டுக்கு வந்து சேர மணி எட்டரை. வாசலில் வண்டியை நிறுத்தினால், உள்ளே ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஈரக் குடை. மெக்கானிக் வேலையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் நிற்கிறான். இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாளாம். நான் என்னென்னவோ உளறினேன். அவள் எழுந்து வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள், வாங்க வீட்டுக்கு என்றாள், அவ்வளவுதான்.

வித்துடறேன் என்றேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். சரி, கோபமில்லை, இனி ஒளிவுமறைவு எதற்கு என்று மறுநாளிலிருந்து வண்டியை நம் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். யோக்கியனாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஆனால் அதன் பிறகு அவள் கதவைத் திறக்க வரவில்லை குட்டிம்மா. நானே திறந்துகொண்டு போவேன், அவள் விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். பிஸ்கட் டப்பா மறுபடி காலியாக ஆரம்பித்தது. எட்டாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், அப்போதுதான் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றி எழுத எனக்குத் தைரியமில்லை.

“எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும், மணிக்கட்டுல கையுறைக் கோடு கறுத்துக் கெடந்துச்சு. அன்னைக்கு உங்களப் பிடிபிடின்னு பிடிக்கணும்னுதான் ஜன்னல்கிட்ட நின்னேன். அப்பத்தான் பின்தெருப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டுச்சு, அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு முறுக்கு. சின்னவன் மாதிரியே. அது நீங்கதான்னு தெரியும், எனக்கென்ன பைத்தியமா? ஆனா நீங்கதான் பஸ்ல வர்றதா சொல்லியிருக்கீங்களே. அப்ப அது வேற யாரோதானே? யாரோன்னா அவனாவும் இருக்கலாம்ல. நீங்க நடந்து வந்து கதவத் தட்டற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம், எம்புள்ள வந்துட்டான்னு இருப்பேன். அன்னைக்கு மழையில அந்தச் சத்தம் வரல. என்னால உக்கார முடியல, சத்தம் வர்ற திக்குல நடந்து ஷெட்டுக்கே வந்துட்டேன். இப்ப வாசல்லயே வந்து நிக்குது, நீங்கதான் எறங்கறீங்க. அந்த அஞ்சு நிமிஷமும் போச்சு.”

நான், முப்பத்திரண்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன், கதவைத் திறக்கும் முகத்தைப் பார்த்து அலுப்பு என்று நினைத்த மடையன். இரண்டு பேரும் அன்றைக்குத்தான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். அது வரை அவள் குளியலறையில் அழுவாள், நான் ஹெல்மெட்டுக்குள் அழுவேன்.

நேற்று முன்தினத்திலிருந்து வண்டி மறுபடி ஷெட்டில். மெக்கானிக்கிடம் காரணம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சாயந்திரம் முறுக்கி அணைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, முன்னைவிட மெதுவாக நடந்து வருகிறேன், ஐந்து நிமிஷம் ஏழு எட்டாகட்டும் என்று. நேற்று கதவைத் தட்டியதும் அம்மா திறந்தாள். முகம் மலர்ந்திருந்தது, என்னைப் பார்த்ததும் வடிந்தது. பஸ் லேட்டா என்று கேட்டாள். ஆமாம், கூட்டம் என்றேன். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தாலும் இப்போது சொல்லாதே.

நீ கார் ஓட்டும்போது போனைத் தொடாதே, பெல்ட் போடாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதே, மாப்பிள்ளைக்கும் சொல். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. லீவு கிடைக்குமா என்று பார், இருந்தால் வந்து நாலு நாள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள். நீங்கள் இருவரும் நூறு வருஷம் நல்லபடியாக இருக்கவேண்டும், வீட்டைவிட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு நாளும் முழுசாகத் திரும்பி வரவேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அப்பா பஸ்லதானே போயிட்டு வராரு என்று அம்மாவிடம் சாதாரணமாகக் கேள். ஆமா, பஸ்லதான் என்பாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காதே, கண்ணு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா