அலாரம் அலறும்போது டீயில் முக்கிய சென்சார்

இன்று காலை சர்வீஸுக்கு ஒரு பழைய சர்க்யூட் போர்டு வந்தது. திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் உன் மெரூன் நெயில் பாலிஷ் பொட்டு. ஒன்பது வருஷமாகியும் அழியவில்லை. உன் பிடிவாதம் அதற்கும். நீ போய்த்தான் இரண்டு வருஷமாகிறது.

பிறந்த குழந்தைகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்காகத் தொம்மலூர் மாடியறையில் நாம் இருவரும் செய்த போர்டு. நகமளவு சிப்புக்குள் சூட்டைப் பார்ப்பது, ஹீட்டரை அணைப்பது, அலாரம் அடிப்பது எல்லாம் அடங்க வேண்டும். ப்ரோக்ராம் என்னுடையது, சோதனை உன்னுடையது. நீ பொட்டு வைக்காத போர்டு வாசலைத் தாண்டாது என்பது நீயே போட்ட சட்டம்.

முதல் போர்டை மறுநாள் மருத்துவமனையில் காட்ட வேண்டும். நீ பெட்டியின் கதவைத் திறந்து அலாரத்தை அலறவிட்டாய். அது அலறும்போதே சென்சாரைச் சூடான டீ டம்ளரில் முக்கினாய். ஹீட்டர் அணையவில்லை. அலாரம் ஓய்ந்த பிறகுதான் அணைந்தது. அலாரம் முடியும்வரை வேறெதையும் பார்க்காதே என்று எழுதிவைத்தவள் நான்தான்.

"மூணு செகண்டுதானேடீ, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று கன்னடத்தைக் கலந்து கெஞ்சினேன்.

"நர்ஸ் கதவைத் திரும்பத் திரும்பத் திறந்தா அலாரம் ஓயவே ஓயாதே? குழந்தை தூங்கலாம், உன் ப்ரோக்ராம் தூங்கக் கூடாது" என்றாய்.

எனக்கு வந்த கோபத்தில் உன் பாலிஷ் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஆனால் நீ சொன்னது சரி. காட்டுவதைத் தள்ளிப்போட்டு, நான்கு நாள் உட்கார்ந்து முழுவதையும் பிரித்து எழுதினேன். எந்த வேலையும் நின்று காத்திருக்கக் கூடாது. துளி செய்துவிட்டு, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்கு வழிவிட வேண்டும். நீ ஆறிப்போன டீயை மாற்றிக்கொண்டே இருந்தாய். ஐந்தாம் நாள் பொட்டு வைத்தாய்.

இன்று வந்த போர்டில் பழுது சுவிட்சில்தான். ப்ரோக்ராமில் ஒரு வரிகூடத் தொடவில்லை. ஒன்பது வருஷம், எத்தனை குழந்தைகளோ! பெருமை தாங்கவில்லை எனக்கு; சொல்லிக்கொள்ள நீதான் இல்லை.

சுவிட்சை மாற்றிச் சோதனைப் பெட்டியில் மாட்டினேன். கதவைத் திறந்து அலறவிட்டேன், சென்சாரை டீயில் முக்கினேன். ஹீட்டர் அந்தக் கணமே அணைந்தது. நீ இறந்த பிறகு உன் அம்மாவிடம் நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தப் பாலிஷ் பாட்டில். காய்ந்துபோகாமல் தின்னர் ஊற்றி ஊற்றி இன்னும் ஓட்டுகிறேன். உன் பொட்டுக்குப் பக்கத்தில் என் பொட்டையும் வைத்து அனுப்பிவிட்டேன்.