வெளியே வராத பசு

அன்புள்ள அப்பாவுக்கு, சிக்னே எழுதுவது. மூட்டுவலி தேவலையா? டென்மார்க்கில் மழை வந்ததா? பிரான்ஸ் வெயில் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று ஒரு வேடிக்கை. வெப்பம் பசுக்களை என்ன செய்கிறதென்று பார்க்க, ஓர் அறையைச் சூடாக்கி அவற்றை அதில் அடைத்து வைக்கிறோம். சோதனை முடிந்து கதவைத் திறந்தால், மார்கரித் என்ற பசு தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிவிட்டாள்.

"என்ன மகாராணி, ரூமைக் காலி பண்ண மனசில்லையா?" என்று தொழுவக்காரர் பாஸ்கால் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வெளியே கால் வைத்தேன். அறையைவிட அங்கேதான் அனல்.

நம்மூர் உப்பு மிட்டாய் கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே கிடைப்பதில்லை. நம் பசுக்கள் பகலெல்லாம் படுக்காமல் சமர்த்தாக நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்களே, அது சமர்த்து இல்லை அப்பா, வெப்பம் தாங்காததன் அறிகுறி. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இங்கேயும் முதலில் எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன.

அவசரத்தில்,
சிக்னே