மூடினாலும் உறங்காத சடம்

அன்பு மனைவி கனகாம்பிகைக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? எனக்கு உடம்பு சுகம், வாய்க்குத்தான் வியாதி.

எங்கள் எஹலியகொட தோட்டக் கந்தோரில் ஒரு லப்டொப் இருக்கிறது. மூடினால் உறங்கவும் தெரியாத சடம். திங்களன்று மனேஜர் துரை அதில் வீடியோக் கூட்டம் வைத்து, மழை நாளில் ரப்பர் பால் ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார். நான் படாரென்று மூடிவிட்டு, "மழையிட்டை விளக்கம் கேட்டு எழுதட்டோ, விசரன்!" என்றேன்.

மூடிய லப்டொப்புக்குள் துரை இருமினார்.

உதவிக் கிளாக்கர் இந்திரகுமார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "சார்ஜர் வயர் செருகியிருந்தா மூடினாலும் முழிச்சிக்கிட்டுத்தாங்க ஐயா இருக்கும்," என்றார். அதை இப்போது உறங்கும்படி மாற்றிவிட்டார். என் பொங்கல் லீவு விண்ணப்பமோ துரையின் மேசையில் நன்றாகவே உறங்குகிறது.

இனி அந்தச் சடத்தின் முன் வாய் திறப்பதாயில்லை, அதனால்தான் கடிதம். பனங்கட்டியும், நீர் இடித்த மிளகாய்த்தூளும் அனுப்பும். இங்குள்ள தூளுக்கு உறைப்புமில்லை, வெட்கமுமில்லை.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். ஒன்று மட்டும்: ஞாயிறு அந்தச் சடத்தில் உம்மோடு கதைத்துவிட்டு மூடியபோதும் வயர் செருகித்தான் இருந்தது. பிறகு யாராவது மூக்குறிஞ்சியது கேட்டிருந்தால், அது மழையில் நனைந்து பிடித்த தடிமன்.

உமது வாயாடி,
இராஜசிங்கம்